கம்பி வேலி தொய்கிறதா? கடப்பாரையை வையுங்கள், கிளாம்ப் போட்டு இழுங்கள்!

சுரண்டை சுற்றுவட்டாரத்தில் தக்காளி, கத்தரி, மிளகாய், சின்ன வெங்காயம் என்று காய்கறிச் சாகுபடி செய்யும் விவசாயிகளுக்குச் செடி காய்க்கத் தொடங்கியதும் இரவுக் காவல் கவலையும் தொடங்கிவிடுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் வடகரை, மேக்கரை பக்கம் யானைத் தொல்லை என்றால், சமவெளியில் பெரிய தலைவலி காட்டுப்பன்றிதான். ஒரே இரவில் ஒரு கூட்டம் இறங்கினால் மூன்று மாத உழைப்பு மண்ணோடு போய்விடும்.

அதனால்தான் கடன் வாங்கியாவது முள்கம்பி வேலி போடுகிறோம். ஆனால், வேலி போட்ட இரண்டாவது ஆண்டிலேயே கம்பி தொய்ந்து, பன்றி தலையை நுழைத்துத் தூக்கிக்கொண்டு உள்ளே வருவதைப் பல தோட்டங்களில் பார்க்கலாம். பெரும்பாலும் கம்பியில் குறை இருக்காது. இழுத்துக் கட்டிய முறையில்தான் குறை இருக்கும்.

நேராகத் தெரிந்தால் போதாது

கம்பி பார்வைக்கு நேராக இருந்தால் இறுக்கமாக இருப்பதாக நினைத்துவிடுகிறோம். இது தவறு. 12 கேஜ் இரட்டைப் புரி முள்கம்பி ஒரு மீட்டருக்கு 100 கிராமுக்குச் சற்று மேல் எடை இருக்கும். கால்களுக்கு இடையே 10 அடி, அதாவது சுமார் 3 மீட்டர் இடைவெளி இருந்து, நடுவில் கம்பி 5 செ.மீ. மட்டும் தொய்ந்திருந்தால் அதில் உள்ள இழுவிசை மூன்று கிலோகூட இருக்காது. தூரத்திலிருந்து பார்த்தால் நல்ல வேலிதான். பன்றி மூக்கால் தள்ளினால் கயிற்றுக் கொடி மாதிரி விலகும்.

12 கேஜ் முள்கம்பிக்கு 50 முதல் 75 கிலோ வரை இழுவிசை இருந்தால் வேலி விறைப்பாக நிற்கும். கையால் இழுத்து இந்த அளவைக் கொண்டுவந்து, முடிச்சுப் போடும் வரை பிடித்துக்கொண்டும் இருப்பது முடியாத காரியம். அதற்குத்தான் கருவி வேண்டும்.

கடப்பாரை முறையில் என்ன சிக்கல்?

நம் பகுதியில் வேலி போடுபவர்கள் பலர் கம்பியைக் கடப்பாரையில் சுற்றி, மூலைக்காலில் முட்டுக்கொடுத்து நெம்பி இழுக்கிறார்கள். பழகிய கை என்றால் ஓரளவு இறுக்கம் வரும். ஆனால் மூன்று சிக்கல்கள் உண்டு.

ஒன்று, கடப்பாரையில் சுற்றும் இடத்தில் கம்பி மடிந்து துத்தநாகப் பூச்சு உரியும். அந்த இடத்தில்தான் முதலில் துரு பிடிக்கும். இரண்டு, ஒருவர் நெம்பிப் பிடித்திருக்க, இன்னொருவர் அவசரமாகச் சுற்றிக் கட்ட வேண்டும். அந்த இடைவெளியில் பாதி இறுக்கம் போய்விடும். மூன்று, கடப்பாரை நழுவினால் முள்கம்பி சாட்டை மாதிரி திரும்பி அடிக்கும். முகத்திலோ கண்ணிலோ பட்டால் வேலிச் செலவைவிட மருத்துவச் செலவு அதிகமாகும்.

கிளாம்ப் எப்படி வேலை செய்கிறது?

கம்பி இறுக்கும் கிளாம்பில் இரண்டு தாடைகள் இருக்கும். அவற்றுக்கு நடுவில் கம்பியை வைத்து, பின்னால் உள்ள வளையத்தை இழுக்க வேண்டும். இழுக்கும் விசையே தாடைகளை மூடும். எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவு கெட்டியாகப் பிடிக்கும்; இழுவையைத் தளர்த்தினால் பிடியும் விடும். மின்வாரிய லைன்மேன்கள் கம்பி இழுக்கும்போது பயன்படுத்தும் கிளாம்பும் இதே தத்துவம்தான்.

1874-ல் அமெரிக்காவின் ஜோசப் கிளிட்டன் முள்கம்பிக்குக் காப்புரிமை பெற்ற பிறகு, மைல் கணக்கில் வேலி போடத் தொடங்கினார்கள். அந்த நீளத்தை ஒன்றிரண்டு ஆட்களால் இழுத்துக் கட்டக் கருவிகள் தேவைப்பட்டன. நியூசிலாந்தின் ஒட்டாகோ பகுதியைச் சேர்ந்த எர்னஸ்ட் ஹேய்ஸ் 1924-ல் உருவாக்கிய சங்கிலி இழுவை இன்றும் வேலிக்காரர்களிடம் பெயர் பெற்றது. ஒரு சங்கிலி, அதில் இரண்டு கிளாம்ப்கள், சங்கிலியில் கண்ணி கண்ணியாக ஏறும் கைப்பிடி. அவ்வளவுதான் அமைப்பு.

எந்தக் கருவி யாருக்கு?

*கிளாம்ப் + ராட்செட் கை வின்ச்:* புதிதாக வேலி போடுபவர்களுக்கு ஏற்றது. வின்சை மூலைக்காலில் மாட்டி, கொக்கியைக் கிளாம்ப் வளையத்தில் போட்டு, கைப்பிடியை ஆட்டினால் பல் பல்லாக இழுக்கும். கையை எடுத்தாலும் இறுக்கம் அப்படியே நிற்கும்.

*சங்கிலி இழுவை:* இரண்டு பக்கமும் கிளாம்ப் இருப்பதால், வேலியின் நடுவில் அறுந்த கம்பியை இரு முனையிலும் பிடித்து நெருக்கி இணைக்கலாம். பழுது பார்க்க இதுவே சிறந்தது.

*நிரந்தர ராட்செட் அல்லது டர்ன்பக்கிள்:* கம்பியிலேயே மாட்டி விட்டுவிடுவது. ஆண்டுக்கு ஒருமுறை திருகி இறுக்கிக்கொள்ளலாம். எல்லாக் கம்பிக்கும் போட முடியாவிட்டாலும், பன்றி முதலில் முட்டும் கீழ் இரண்டு கம்பிகளுக்குப் போடுவது நல்லது.

*வலை வேலிக்கு இறுக்குச் சட்டம்:* டைமண்ட் வலையை ஒரு இடத்தில் பிடித்து இழுத்தால் அந்தக் கண்ணி மட்டும் நீளும். மேலும் கீழும் தொய்ந்தே இருக்கும். முழு உயரத்தையும் ஒரே சீராகப் பிடிக்க வேண்டும். இதை உள்ளூர் வெல்டிங் பட்டறையிலேயே செய்யலாம். 5 அடி வலைக்கு ஐந்தரை அடி நீளத்தில் 40 மி.மீ. ஆங்கிள் இரண்டு எடுத்து, நேருக்கு நேர் ஐந்து துளை போட்டு, 12 மி.மீ. போல்ட்டால் வலையை நடுவில் வைத்து இறுக்குங்கள். சட்டத்தின் மேல் பகுதியிலும் கீழ்ப் பகுதியிலும் ஒவ்வொரு வளையம் வெல்டு செய்து, இரண்டையும் சங்கிலியால் இணைத்து நடுவிலிருந்து இழுக்க வேண்டும். ஒரு கண்ணியின் இரண்டு கம்பிகளைக் கையால் சேர்த்து அமுக்கினால் கால் அங்குலம் அளவுக்கே நெருங்க வேண்டும். அதற்கு மேல் நெருங்கினால் இன்னும் இழுக்கலாம்.

வாங்கும்போது கம்பியின் கேஜைக் கடைக்காரரிடம் சொல்லுங்கள். 10 கேஜ் 3.25 மி.மீ., 12 கேஜ் 2.64 மி.மீ., 14 கேஜ் 2.03 மி.மீ. தடிமன். தடித்த கம்பிக்கான கிளாம்பில் மெல்லிய கம்பி நழுவும். தாடையின் பற்கள் மிகக் கூர்மையாக இருந்தால் பூச்சை உரிக்கும். முள்கம்பிக்கு வாங்கினால், இரண்டு முள்ளுக்கு நடுவில் தாடை உட்காருமா என்று ஒரு துண்டுக் கம்பியை வைத்துப் பார்த்தே வாங்குங்கள்.

முதலில் மூலைக்கால்

ஐந்து வரிசைக் கம்பியை ஆளுக்கு 75 கிலோ வீதம் இழுத்தால், மூலைக்காலை 375 கிலோ சாய்க்கப் பார்க்கும். முட்டுக்கால் இல்லாத கல்தூணோ சிமெண்ட் காலோ இதைத் தாங்காது. கருவி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கால் சாய்ந்தால் இறுக்கம் போய்விடும்.

மூலைக்காலை மற்றக் கால்களைவிட ஆழமாக நட்டு, கான்கிரீட் போட்டு, கம்பி இழுக்கும் இரண்டு திசைகளுக்கும் தனித்தனி முட்டுக்கால் கொடுங்கள். கான்கிரீட் போட்டு ஒரு வாரமாவது தண்ணீர் விட்டு ஆறவிட்ட பிறகே இழுக்க வேண்டும். "இன்றே நட்டு இன்றே இழுத்து முடிக்கிறோம்" என்று சொல்லும் ஒப்பந்தக்காரருக்குச் சம்மதிக்காதீர்கள். நிலம் கரிசல் என்றால் மழைக்கு உப்பி, கோடையில் வெடித்துக் காலை அசைக்கும். கூடுதல் ஆழம் அவசியம்.

100 மீட்டருக்கு மேல் ஒரே இழுவையாக இழுக்காதீர்கள். நடுவில் முட்டுக் கொடுத்த இழுவைக்கால் ஒன்று நட்டுக்கொள்ளுங்கள். மூலையைச் சுற்றி வளைத்தும் இழுக்கக் கூடாது. ஒவ்வொரு பக்கத்தையும் தனியாக முடிக்க வேண்டும்.

இழுக்கும் முறை

1. சுருளின் நடுவில் கழியைச் செருகி, இரண்டு பேர் பிடித்து உருட்டி விரியுங்கள். பக்கவாட்டில் பிரித்தால் கம்பி முறுக்கிக்கொள்ளும்.

2. ஒரு முனையை மூலைக்காலில் இரண்டு சுற்றுச் சுற்றி, கம்பியின் மேலேயே ஐந்தாறு முறுக்கு முறுக்குங்கள்.

3. மறுமுனையில், காலுக்கு இரண்டு மூன்று அடி முன்னால் கிளாம்பை மாட்டுங்கள். மீதிக் கம்பி கட்டுவதற்குத் தளர்வாக இருக்க வேண்டும்.

4. மேல் கம்பியிலிருந்து தொடங்குங்கள். மூலைக்காலை அதிகம் சாய்ப்பது மேல் கம்பிதான். அதைக் கடைசியில் இழுத்தால் கால் சற்று அசைந்து, கீழே கட்டியதெல்லாம் தளரும்.

5. விறைப்பு வந்ததும் வின்சை நிறுத்தி, மீதிக் கம்பியைக் காலில் சுற்றி முறுக்கிக் கட்டிய பிறகே கிளாம்பை மெதுவாகத் தளர்த்துங்கள்.

6. எல்லா வரிசையும் முடிந்ததும் முதலில் கட்டியதை மறுபடி சோதியுங்கள். தளர்ந்திருந்தால் இன்னொரு முறை இழுங்கள்.

7. இடைக்கால்களில் கடைசியாகக் கட்டுக்கம்பி போடுங்கள். பன்றிக்கான வேலியில் கீழ்க் கம்பி தரையிலிருந்து அரை அடிக்கு மேல் போகக் கூடாது. கீழ் மூன்று கம்பிகளை நெருக்கமாகவும் மேலே அகலமாகவும் அமையுங்கள்.

பள்ளமான இடத்தில் இழுத்த கம்பி காலை மேலே பிடுங்கப் பார்க்கும். அங்கே அடியில் கல் கட்டிப் புதைத்து நங்கூரம் கொடுப்பது அவசியம்.

ஐந்து கிலோ எடைக்கல் சோதனை

இறுக்கத்தை அளக்க மீட்டர் தேவையில்லை. இடைக்கால்களில் கம்பி நழுவும்படி தளர்வாகக் கட்டியிருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும். 10 அடி இடைவெளியின் நடுவில் கம்பியின் உயரத்தை அளந்துகொண்டு, அங்கே 5 கிலோ எடையைத் தொங்கவிடுங்கள். 5 செ.மீ. இறங்கினால் இழுவிசை சுமார் 75 கிலோ. ஏழரை செ.மீ. இறங்கினால் 50 கிலோ. 15 செ.மீ. இறங்கினால் வெறும் 25 கிலோதான்; மறுபடி இழுக்கச் சொல்லுங்கள்.

வேலியை ஒப்பந்தத்துக்கு விடுபவர்கள் இந்தச் சோதனையை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். கம்பி கேஜ், முட்டுக்கால் எண்ணிக்கை, இழுக்கும் கருவி, எடைக்கல் சோதனை ஆகிய நான்கையும் எழுதி வாங்கி, கடைசித் தவணையைச் சோதனைக்குப் பிறகு கொடுங்கள்.

வெயிலும் காற்றும்

100 மீட்டர் இரும்புக் கம்பி, 25 டிகிரி வெப்ப வேறுபாட்டுக்கு சுமார் 3 செ.மீ. நீளும், சுருங்கும். விடியற்காலைக் குளிரில் இழுத்த கம்பி மதியம் தளர்ந்து தெரியும். உச்சிவெயிலில் முழு அளவுக்கு இழுத்தது இரவில் சுருங்கி மூலைக்காலை இழுக்கும். காலை 9, 10 மணி வாக்கில் இழுப்பது இரண்டுக்கும் நடுத்தரம்.

செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குப் பருவக்காற்றின் வேகம் நமக்குத் தெரியும். சுரண்டையைச் சுற்றிக் காற்றாலைகள் நிற்பதே அதனால்தான். பன்றியை மிரட்ட வேலியில் பழைய சேலையும் பச்சை வலையும் கட்டுகிறோம். ஜூன் முதல் செப்டம்பர் வரை அவை காற்றைப் பிடித்துக் கம்பியை இழுத்துக்கொண்டே இருக்கும். சேலை கட்டுவதானால் தனிக்கயிற்றில் கட்டுங்கள். காற்று ஓய்ந்ததும் ஒருமுறை, வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் ஒருமுறை வேலியைச் சுற்றிவந்து தளர்ந்ததை இறுக்குங்கள்.

கவனம்

கனமான கையுறை, கண்ணாடி, காலணி இல்லாமல் இழுக்க வேண்டாம். இழுக்கும்போது கம்பிக்கு நேராகவோ, இரண்டு பக்கக் கம்பி சேரும் உள்மூலையிலோ யாரும் நிற்கக் கூடாது. காலுக்கு மறுபுறம் நின்று வின்சை ஆட்டுங்கள். வின்ச் கைப்பிடியில் குழாய் செருகி நீட்டி இழுக்காதீர்கள். துருப்பிடித்த பழைய முள்கம்பியைக் கிளாம்ப் போட்டு இழுத்தால் அறுந்து அடிக்கும். அதை மாற்றுவதே நல்லது.

மற்றொன்று. வேலி தொய்ந்து பன்றி புகுந்ததும், ஆத்திரத்தில் மோட்டார் லைனிலிருந்து கம்பிக்கு நேரடி மின்சாரம் கொடுக்கும் வழக்கம் உயிர்களைப் பறிக்கிறது. தண்ணீர் பாய்ச்ச வந்த வீட்டாரே பலியாகியிருக்கிறார்கள். அது குற்றம், சிறைத் தண்டனைக்குரியது. மின்வேலிதான் வேண்டும் என்றால், விட்டுவிட்டு அதிர்வு கொடுக்கும் சூரியசக்தி வேலிக்கு வேளாண்மைப் பொறியியல் துறை மானியம் தருகிறது. காப்புக்காட்டை ஒட்டிய நிலம் என்றால் 2023-ம் ஆண்டின் மின்வேலி விதிகளின்படி வனத்துறையிடம் பதிவு செய்ய வேண்டும். அந்த வேலிக்கும் கம்பி விறைப்பு முக்கியம். தொய்ந்த கம்பி புல்லிலோ காலிலோ பட்டால் மின்கசிவு ஏற்பட்டு அதிர்வு குறையும்.

சேர்ந்து வாங்குங்கள்

ஒரு விவசாயிக்கு இந்தக் கருவி ஆண்டுக்கு இரண்டு மூன்று நாள்தான் தேவைப்படும். தனித்தனியாக வாங்க வேண்டியதில்லை. உழவர் ஆர்வலர் குழுவோ உற்பத்தியாளர் குழுவோ ஒரு ராட்செட் வின்ச், இரண்டு கிளாம்ப், ஒரு சங்கிலி இழுவை, ஒரு வலை இறுக்குச் சட்டம் வாங்கி வைத்தால் ஊருக்கே போதும். பயன்படுத்திய பிறகு தாடைகளில் உள்ள மண்ணைத் துடைத்து, ராட்செட் பல்லுக்கு எண்ணெய் விட்டு வைத்தால் பல ஆண்டுகள் உழைக்கும்.

அடுத்த சாகுபடிக்கு நாற்றுவிடும் முன், எடைக்கல்லை எடுத்துக்கொண்டு ஒருமுறை வேலியோரம் நடந்து பாருங்கள். எங்கே தளர்வு என்று பன்றி கண்டுபிடிக்கும் முன் நீங்கள் கண்டுபிடித்துவிடலாம்.