கோணேசபுரியிலிருந்து கோடைகால ஆய்வுக்கு

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் கோணேசபுரியில் இருக்கிறது. அங்கே கணினி விஞ்ஞானம் படிக்கும் ஒருவர் கணிதப் பிரிவில் உயர்தரம் எழுதியவரென்றால், உயிரியலைச் சாதாரண தரத்தோடு விட்டிருப்பார். கணினிசார் உயிரியலுக்குள் நுழைய அது தடையல்ல. உயிர்களிடமிருந்து கிடைக்கும் தரவை நிரல் எழுதி ஆராய்வதுதான் இத்துறையின் வேலை. கொரோனா வைரசின் மரபுத்தொகுதி ஏறத்தாழ 30,000 எழுத்து நீளம். 2021இல் இலங்கையில் பரவிய பி.1.411 வகையை ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இனங்கண்டதும் அந்த எழுத்துகளை ஒப்பிட்டுத்தான்.

இளநிலை மாணவரைச் சில மாதம் ஆய்வுகூடத்தில் சேர்த்துக்கொள்ளும் திட்டங்கள் பல நாடுகளில் உண்டு. விண்ணப்பிக்குமுன் குடியுரிமை நிபந்தனையைப் படியுங்கள். அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் கோடைகாலத் திட்டம் அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தர வதிவிட உரிமை பெற்றோருக்கும் மட்டுமே. வியன்னா பயோசென்டர் கோடைப் பள்ளியும் ஜப்பானின் ஒகினாவா அறிவியல் தொழில்நுட்ப நிறுவனமும் எந்த நாட்டவரையும் ஏற்கின்றன. உதவித்தொகையும் தங்குமிடமும் தருகின்றன.

ஆனால் நம் பல்கலைக்கழகங்களில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நீண்ட விடுமுறை கிடையாது. ஆகவே வீட்டிலிருந்தே திறந்த மூல மென்பொருளுக்கு நிரல் எழுதும் கூகுள் சம்மர் ஒஃப் கோட் திட்டம் எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுகிறது. 2005இல் தொடங்கிய இத்திட்டத்தின் முதல் பத்தாண்டில், உலகிலேயே அதிக மாணவர்களை அனுப்பிய பல்கலைக்கழகம் நம் மொறட்டுவைதான். மூத்தவர்கள் இளையவர்களுக்கு வழிகாட்டினால் கோணேசபுரி மாணவர்களும் இதில் சேர முடியும். பயோபைதான் போன்ற உயிரியல் மென்பொருள்களைப் பேணும் திறந்த உயிர்தகவலியல் அறக்கட்டளை இதில் பல ஆண்டுகள் பங்கேற்றிருக்கிறது. விண்ணப்பத்தில் புள்ளிகளைவிட எடுபடுவது, அந்த மென்பொருளில் நீங்கள் ஏற்கெனவே திருத்திய ஒரு சிறு வழு.

பழகிப் பார்க்கத் தரவும் இலவசம். ஜென்பேங்க் களஞ்சியத்தில் கோடிக்கணக்கான மரபு வரிசைகள் திறந்தே கிடக்கின்றன. அவற்றை ஆராய உதவும் கலக்ஸி தளத்தை உலாவி வழியே பயன்படுத்தலாம்; கணிப்பு அதன் சேவையகத்தில் நடப்பதால் சாதாரண மடிக்கணினி போதும்.

ஆய்வுப் பொருளுக்குத் தூரம் போகவும் வேண்டியதில்லை. 1980களில் திமிங்கில ஆய்வாளர்களான ஹால் வைட்ஹெட், ஜொனதன் கோர்டன் ஆகியோர் துலிப் என்ற பாய்மரப் படகில் வந்து, திருகோணமலைக் கடலில் திமிங்கிலங்களை ஆராய்ந்தார்கள். விந்துத் திமிங்கிலத்தை வால் விளிம்பின் வெட்டுகளாலும், நீலத்திமிங்கிலத்தை உடலின் புள்ளிக்கோலத்தாலும் படங்களில் தனித்தனியே அடையாளம் காணலாம். அன்று கண்ணால் ஒப்பிட்ட படங்களை இன்று நிரலால் ஒப்பிடலாம். நல்ல இறுதியாண்டு ஆய்வுக்கு இதுவே போதும்.

பட்டப்படிப்புகளில் தொழிற்பயிற்சிக்கென ஒதுக்கும் மாதங்களில் இத்தகைய ஆய்வுப் பயிற்சியையும் பல்கலைக்கழகங்கள் ஏற்க வேண்டும். அப்போதுதான் விரிவுரையைத் தவறவிடாமல் ஒரு மாணவி வியன்னாவுக்கோ ஒகினாவாவுக்கோ போய்வர முடியும்.