உங்களுக்குத் தெரியுமா? கிளம்பும் முன்பே புகைந்த விமானம்

இறக்கை நிறைய எரிபொருளோடு, ஒரு விமானம் தரையில் இருக்கும்போதே தீப்பிடித்தால்?

2022 செப்டம்பர் 14. மஸ்கட்டிலிருந்து கொச்சிக்குக் கிளம்பவிருந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் போயிங் 737, ஓடுபாதை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. இரண்டாம் இன்ஜினில் புகை. விமானி அறையில் தீ எச்சரிக்கை எதுவும் வரவில்லை. பார்த்துச் சொன்னது வேறொரு விமானம்! விமானிகள் உடனே நிறுத்தி, இன்ஜின் தீயணைப்புக் குடுவைகளை இயக்கினார்கள். இதற்கென ஒரு கைப்பிடி உண்டு: இழுத்தால் எரிபொருள் அடைபடும், திருப்பினால் தீயணைப்பு வாயு பாயும்.

140-க்கும் மேற்பட்ட பயணிகள் சறுக்குப்பாதைகளில் இறங்கித் தப்பினார்கள். சிலருக்குக் காயம், உயிர்ச்சேதம் இல்லை.

தீயணைப்பு வண்டி ஓடுபாதையின் எந்த மூலைக்கும் 3 நிமிடத்துக்குள் வந்துவிட வேண்டும் என்பது சர்வதேச விதி. பயணிகளுக்கு அவ்வளவு நேரம் கிடையாது. பாதிக் கதவுகள் மூடியிருந்தாலும் 90 விநாடியில் எல்லாரும் வெளியேற முடியும் என்று நிரூபித்த பிறகே பெரிய விமானங்களுக்கு அனுமதி. ஒருவர் மேலே இருக்கும் பையை எடுக்க நின்றால், பின்னால் வரிசையே நின்றுவிடும்.