பழைய பைபர் படகைத் திரும்பவும் கடலில் இறக்குமுன்

ஊருக்குத் திரும்பிய குடும்பங்கள் பலவற்றுக்கு மிஞ்சிய முதல், கரையில் விட்டுச்சென்ற படகுதான். ஓட்டைப் பார்த்தால் உறுதியாகவே தெரியும். கழுவி, இயந்திரத்தைப் பூட்டி இறக்கிவிடலாம் போலிருக்கும். அவசரப்பட வேண்டாம். பைபர் உக்காது, அதற்குள்ளே வைத்து மூடிய பலகை உக்கும்.

படகுக்குக் கிட்டப் போகுமுன், அந்த இடம் மிதிவெடி அகற்றப்பட்டதுதானா என்று கிராம அலுவலரிடம் கேளுங்கள். படகினுள் மண் நிரம்பியிருந்தால் கைவிட்டுத் துழாவ வேண்டாம். இனந்தெரியாத உலோகப் பொருள் இருந்தால் தொடாமல் வந்த வழியே திரும்பிப் பொலிசாருக்கு அறிவியுங்கள். பிள்ளைகளைக் கூட்டிச் செல்லாதீர்கள்.

பலகையை உக்கவைப்பது பெரும்பாலும் கடல்நீர் அல்ல, மழைநீர். நிமிர்ந்து கிடந்த படகில் மாரிக்கு மாரி தேங்கிய நீர் ஆணித் துளைகளால் உள்ளே இறங்கியிருக்கும். முதலில் பழுதாவது இயந்திரம் பூட்டும் பின்பலகை. அடுத்தது அடியில் நீளவாட்டில் ஓடும் சட்டங்கள். உக்கிய பின்பலகையில் 15 குதிரைவலு இயந்திரத்தைப் பூட்டி ஓடினால், அலையில் அடிபடும்போது இயந்திரம் பலகையோடு பிய்ந்துபோகலாம். பிய்ந்த இடத்தால் நீர் ஏறும். கரையில் வைத்து இழுத்துப் பார்க்கும்போது இது தெரியாது.

சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல பலகை கணீரென்று கேட்கும், உக்கியது 'தொப்' என்று கேட்கும். சந்தேகமான இடத்தில் உட்பக்கமாக 6 மில்லிமீற்றர் துளை போடுங்கள். வரும் தூள் கறுத்து ஈரமாக இருந்தால் பலகையை மாற்றத்தான் வேண்டும். மேலால் பைபர் பூசி மூடினால் ஈரம் உள்ளேயே இருந்து மிச்சத்தையும் தின்னும். ஓடே மடிந்து வெடித்திருந்தால் அந்தப் படகில் காசைப் போடாதீர்கள்.

ஓடாவியாரிடமோ பைபர் வேலை தெரிந்தவரிடமோ கொடுத்தாலும், கூட நின்று பாருங்கள். முதலில் ஓடு முழுவதும் தாங்கும்படி மண்மூட்டைகள் வைக்கவேண்டும்; சட்டங்களை வெட்டியதும் ஓடு முறுகிவிடும், முறுகியபடியே இறுகியும் விடும். பின்பலகையின் வெளித்தோலை விட்டு, உட்தோலை மட்டும் ஓரத்தில் 3 அங்குலம் மிஞ்ச வெட்டி, உக்கியதை உளியால் முழுதும் எடுக்கவேண்டும். அதன்பின் காயவிடுங்கள். ஆட்கள் பொறுமையிழப்பது இங்கேதான். ஒரு பொலித்தீன் துண்டை ஓரம் முழுதும் நாடாவால் ஒட்டி ஓர் இரவு விடுங்கள். உட்புறம் நீர் துளிர்த்தால் இன்னும் காயவில்லை. மாரியில் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

புதிய பலகை கடற்பாவனைக்கான ஒட்டுப்பலகையாக, பழைய தடிப்பிலேயே இருக்கட்டும். பொதுவாக 18 மில்லிமீற்றர்ப் பலகைகள் இரண்டு, நடுவே ரெசினில் நனைத்த மெட் வைத்து ஒட்டப்படும். கூர் மூலையில் மெட் படியாது, ஆகவே மூலையை ரெசின் பசையால் வளைவாக்கவேண்டும். பழைய பைபரை மினுக்கம் போகத் தேய்க்காவிட்டால் புதியது ஒட்டியதுபோல் நின்று பிறகு கழரும். ஒவ்வொரு மெட்டும் முன்னையதைவிட அகலமாக ஓட்டின்மேல் படரட்டும்.

ரெசினை இறுக்கும் திரவத்தையும் கோபால்ட்டையும் ஒருபோதும் நேரே கலக்கக்கூடாது. வெடிக்கும். முதலில் கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலந்து, பிறகே மற்றதை விடவேண்டும். கோபால்ட் முன்பே கலந்த ரெசினும் உண்டு, வாங்கும்போது கேளுங்கள். இறுக்கும் திரவம் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். உடனே 15 நிமிடத்துக்குக் குறையாமல் நீரால் கழுவி வைத்தியசாலைக்குப் போங்கள். தேய்க்கும்போது முகமூடியும் நீளக்கைச் சட்டையும் வேண்டும். பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது.

ஓட்டிலுள்ள பதிவிலக்கத்தைத் தேய்த்து அழித்துவிடாதீர்கள். படகு உங்களுடையது என்பதற்கு அதுவும் ஒரு சான்று. தேய்க்கவேண்டி வந்தால் முதலில் படம் எடுத்துக்கொண்டு கடற்றொழில் பரிசோதகரிடம் சொல்லுங்கள்.

கடைசியாக இயந்திர ஆணித் துளைகள். அவற்றைப் பெரிதாகத் துளைத்து, ரெசின் பசையால் அடைத்து, இறுகியபின் அதன் நடுவே உரிய அளவில் மறுபடி துளையுங்கள். அப்போது நீர் பலகையைத் தொடாது. கரையேற்றும் போதெல்லாம் அணியத்தை உயர்த்தி, அடியிலுள்ள மூடியைக் கழற்றிவிடுங்கள்.