தொழிலகக் குழு (ஜெர்மனி)

தொழிலகக் குழு என்பது ஜெர்மனியில் ஒரு தொழிலகத்தின் பணியாளர்கள் தம்முள் இருந்து தேர்ந்தெடுக்கும் சட்டபூர்வமான பிரதிநிதிகள் அவை ஆகும். ஜெர்மன் மொழியில் இது பெட்ரீப்ஸ்ராட் எனப்படுகிறது. தொழிற்சங்கம் விரும்பிச் சேர்ந்தோரின் அமைப்பு ஆகும். தொழிலகக் குழுவோ, சங்கத்தில் சேராதோர் உட்பட, உயர் மேலாளர்கள் நீங்கலான பணியாளர்கள் அனைவரின் சார்பிலும் பேசுகிறது. ஊதிய விகிதங்களைப் பொதுவாகத் தொழிற்சங்கங்களே பேசி முடிவு செய்கின்றன. பணியிடத்தின் அன்றாட முடிவுகளில் பங்கு கொள்வதே குழுவின் முதன்மைப் பணி ஆகும்.

வரலாறு

வைமார் குடியரசின் 1920 ஆம் ஆண்டுச் சட்டம் இக்குழுக்களை ஏற்படுத்தியது. நாசி அரசு 1934 இல் இவற்றை ஒழித்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின், நேச நாடுகள் 1946 இல் இவற்றை மீண்டும் அனுமதித்தன. மேற்கு ஜெர்மனியில் 1952 இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. அதற்கு மாற்றாக 1972 இல் வந்த சட்டமே, பல திருத்தங்களுடன், இன்றும் நடைமுறையில் உள்ளது.

தேர்தல்

வாக்குரிமை உடைய பணியாளர்கள் குறைந்தது 5 பேர் உள்ள தொழிலகத்தில் குழு அமைக்கலாம். அது தானாக அமைவதில்லை. பணியாளர்கள் முன்வந்து தேர்தல் நடத்த வேண்டும். எனவே சிறிய தொழிலகங்கள் பலவற்றில் குழு இல்லை. தேர்தலைத் தடுப்பது தண்டனைக்குரிய குற்றம் ஆகும். குழுவின் பதவிக்காலம் 4 ஆண்டுகள். 2021 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 16 வயது நிரம்பியோர் வாக்களிக்கலாம். போட்டியிட 18 வயது நிரம்ப வேண்டும். 20 பேர் வரை உள்ள இடத்தில் ஒருவரும், 101 முதல் 200 பேர் வரை உள்ள இடத்தில் 7 பேரும் தேர்ந்தெடுக்கப்படுவர்.

உரிமைகள்

குழுவின் உரிமைகள் மூன்று நிலைகளில் அமைந்துள்ளன.

* தகவல் பெறும் உரிமை: நிர்வாகத்தின் திட்டங்களை உரிய நேரத்தில் அறிதல்.
* கருத்துரைக்கும் உரிமை: முடிவு எடுக்கப்படும் முன் கருத்தைத் தெரிவித்தல்.
* இணைந்து முடிவெடுக்கும் உரிமை: வேலை நேரப் பகிர்வு, கூடுதல் நேரப் பணி, விடுமுறைத் திட்டம், பணியாளர்களைக் கண்காணிக்கும் கருவிகள் போன்றவற்றில் குழுவின் ஒப்புதல் தேவை. உடன்பாடு ஏற்படாவிடில் இரு தரப்பினரும் நடுநிலைத் தலைவரும் கொண்ட இணக்கச் சபை முடிவு செய்யும்.

பணிநீக்கம்

ஒருவரைப் பணிநீக்கம் செய்யும் முன் நிர்வாகம் அதன் காரணங்களைக் குழுவிடம் தெரிவித்து, அதன் கருத்தைக் கேட்க வேண்டும். கேளாமல் செய்யப்பட்ட பணிநீக்கம் செல்லாது. எனினும் குழு எதிர்த்தாலும் நிர்வாகம் பணிநீக்கம் செய்ய இயலும். முன்னறிவிப்புடன் கூடிய பணிநீக்கத்தைச் சட்டம் கூறும் காரணங்களின்படி குழு எதிர்த்து, பணியாளரும் வழக்குத் தொடுத்தால், வழக்கு முடியும் வரை தம்மைப் பணியில் வைத்திருக்குமாறு அவர் கோரலாம்.

வரம்புகள்

குழு வேலைநிறுத்தம் நடத்த இயலாது. அது தொழிற்சங்கங்களின் உரிமை ஆகும். உற்பத்தி, முதலீடு போன்ற வணிக முடிவுகளும் பெரும்பாலும் நிர்வாகத்திடமே உள்ளன.