மாட்டுக்குப் போட்ட ஊசி

வெக்கை நோய் என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. மாடு கட்டியிருந்த தாத்தாக்களைக் கேட்டால் முகம் மாறும். காய்ச்சல், வாய்ப்புண், கழிச்சல். சில நாட்களில் தொழுவமே காலியாகிவிடும்.

அந்தக் கிருமி 1890 வாக்கில் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குள் புகுந்தது. மசாய் மக்களின் மாடுகளோடு, தான்சானியாவின் செரெங்கெட்டி சமவெளியில் திரிந்த வைல்டுபீஸ்ட்களையும் வாரிக்கொண்டு போனது. தாடியும் கொம்பும் குதிரை வாலுமாக, மழையைத் தேடி ஊர்வலம் போகும் விலங்கு அது. பிறகு மாடுகளுக்குத் தடுப்பூசி வந்தது. காட்டு விலங்குக்கு யாரும் ஊசி போடவில்லை. ஆனாலும் 1960-களின் தொடக்கத்தில் வைல்டுபீஸ்ட்களிடமிருந்தும் நோய் விலகியது. காட்டிலிருந்துதான் மாட்டுக்கு வருகிறது என்று பலர் நினைத்திருக்க, நோய் தங்கியிருந்ததோ மாட்டுப் பட்டியில்! அப்போது சுமார் 2.5 லட்சமாக இருந்த கூட்டம், 1977-இல் சுமார் 13 லட்சம்.

இத்தனை வாய்கள் மேய்ந்தால் காடு மொட்டையாகிவிடும் என்றுதான் நமக்குத் தோன்றும். ஆடு புகுந்த தோட்டத்தைப் பார்த்த அனுபவம் அப்படி. ஆனால் வைல்டுபீஸ்ட் ஆடு அல்ல; அதற்குப் புல்தான் சாப்பாடு, மரக்கன்றைச் சீண்டுவது அபூர்வம். மேய ஆளில்லாத காலத்தில் புல் இடுப்பளவு வளர்ந்து, கோடையில் காய்ந்து சருகாகி, ஆண்டுதோறும் பற்றி எரிந்தது. தரையோடு ஓடும் அந்தத் தீ, வளர்ந்த மரத்தை ஒன்றும் செய்யாது. முழங்கால் உயரக் கன்றுதான் கருகும். வேர் பிழைத்து மறுபடி துளிர்க்கும், மறுகோடையில் மறுபடி கருகும். இப்படியே பல ஆண்டுகள் குட்டையாகவே கிடந்த கன்றுகள், கூட்டம் பெருகிப் புல்லை ஒட்ட மேய்ந்தபின் தீக்குத் தப்பித் தலைக்கு மேல் வளர்ந்தன. மரம் கூடவே ஒட்டகச்சிவிங்கிக்கு இலை கிடைத்தது. சிங்கத்துக்கு இரை கிடைத்ததைச் சொல்லவே வேண்டாம்.

இன்னொரு கணக்கும் மாறியது. முன்பு புல்லில் இருந்த கரிமம் புகையாக வானத்துக்குப் போனது. இப்போது அதில் ஒரு பகுதி மரத்தில் சேர்கிறது. மேய்ந்த புல்லில் ஒரு பங்கு வயிறு வழியாகச் சாணமாக விழுகிறது. அதைச் சாணிவண்டுகள் உருட்டிக்கொண்டுபோய் மண்ணுக்குள் புதைத்து, அதற்குள் முட்டையிடுகின்றன.