ஆல்வினுக்கு என்ன கதி?

இரட்சிப்பைப் பற்றி மார்மன் சபையாருக்கும், பாப்டிஸ்ட் போன்ற இவாஞ்சலிக்கல் சபையாருக்கும் என்ன வேறுபாடு? ‘இவர்களுக்குக் கிருபை, அவர்களுக்குக் கிரியை’ என்று பலரும் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அது பாதிதான். மீதி புரிய ஒரு சாவு வீட்டுக்குப் போகவேண்டும்.

1823 நவம்பரில், நியூயார்க் மாநிலத்துப் பால்மைரா பக்கம் ஆல்வின் ஸ்மித் இறந்தார். வயது 25, ஞானஸ்நானம் பெறாதவர். அவர் நரகத்துக்குத்தான் போயிருப்பார் என்கிற தொனியில் அடக்க ஆராதனையில் போதகர் பேசியதாகக் குடும்பத்தார் பின்னாளில் சொன்னார்கள். தம்பி ஜோசப்புக்கு அப்போது 17 வயது. 1830இல் மார்மன் சபையைத் தொடங்கியவர் இவரே. 1836இல், அண்ணனைப் பரலோகத்தின் உயர்ந்த ராஜ்யத்திலேயே தரிசனமாகக் கண்டதாகச் சொன்னார்.

1840 முதல் அச்சபையில் இறந்தவர்களுக்காக உயிரோடிருப்பவர்கள் ஞானஸ்நானம் பெறுகிறார்கள். ஆலயத்துக்குள் பன்னிரண்டு காளைச் சிலைகள் தாங்கும் தொட்டி. பேரனோ பேத்தியோ அதில் இறங்க, முன்னோர் பெயரைச் சொல்லி முழுக்குக் கொடுப்பார்கள். ஏற்பதும் மறுப்பதும் அந்த ஆத்துமாவின் விருப்பம். வம்சாவளி ஏடுகளை அவர்கள் அவ்வளவு பாடுபட்டுச் சேர்ப்பது இதற்காகத்தான்.

இவாஞ்சலிக்கல் விசுவாசி இதை ஏற்கமாட்டார். ஒருவருக்காக இன்னொருவர் விசுவாசிக்க முடியாது என்பார். எபேசியர் 2ஆம் அதிகாரத்தைத் திறந்து காட்டுவார். மனந்திரும்பி இயேசுவை நம்பிய நொடியே இரட்சிப்பு. நற்செயல் அதன் கனி, ஞானஸ்நானம் அதன் சாட்சி. செத்த பிறகு பரலோகம் அல்லது நரகம்.

மார்மன்களிடம் கணக்கு வேறு. கிறிஸ்துவால் எல்லோருக்கும் உயிர்த்தெழுதல் உண்டு. ஏறக்குறைய எல்லோருக்கும் மூன்று மகிமை ராஜ்யங்களில் ஒன்று கிடைக்கும். ஆனால் குடும்பத்தோடு என்றென்றும் தேவனுடன் வாழ்ந்து, அவரைப் போலவே ஆகிற உச்ச நிலைக்கு ஆலய உடன்படிக்கைகள் வேண்டும். ஆலயத்துக்குள் போக அனுமதிச் சீட்டு. அதற்கு முன் உள்ளூர் சபைத் தலைவர்களோடு நேர்காணல். தசமபாகம் செலுத்துகிறீர்களா, மது, புகையிலை, காபி, ஏன், நாம் குடிக்கும் இந்தத் தேநீரையும் விலக்கியிருக்கிறீர்களா என்று பார்ப்பார்கள். சிலுவையில் முடிந்த வேலைக்கு மேல் எதற்கு இந்த நிபந்தனை என்று இவாஞ்சலிக்கல் விசுவாசியின் மனம் நோவது இங்கேதான். கீழ்ப்படியாத விசுவாசம் விசுவாசமே அல்ல என்பது மார்மன்களின் பதில். திரித்துவத்தை மார்மன்கள் ஏற்பதில்லை என்பது இதைவிட ஆழமான பிளவு. அது தனியாகப் பேசவேண்டிய விஷயம்.

சாகக் கிடப்பவருக்கு இவாஞ்சலிக்கல் போதனை தரும் உறுதி பெரிது என்றே எனக்குப் படுகிறது. ஆனால் ஆல்வினின் தாயிடம் போய் நின்றால், மார்மன் போதனை எந்தக் கேள்விக்குப் பதிலாகப் பிறந்தது என்பது விளங்கும்.

இரு சபையாரும், இயேசுவின் பக்கத்தில் சிலுவையில் தொங்கிய கள்ளனைத்தான் சாட்சிக்கு அழைக்கிறார்கள். முழுக்குப் பெறாமலே அவனுக்கு இயேசு பரதீசை வாக்களித்தாரே, வேறென்ன வேண்டும் என்கிறார் ஒருவர். அந்தப் பரதீசு முடிவான பரலோகம் அல்ல, உயிர்த்தெழுதல்வரை ஆவிகள் காத்திருக்கும் இடம், அங்கேயும் சுவிசேஷம் சொல்லப்படுகிறது என்கிறார் மற்றவர்.