துணியில் இல்லாத கோடு

போருக்குப் பின் வன்னிக்கு வந்தவை ஆடைத் தொழிற்சாலைகள், கிளிநொச்சியில் எம்.ஏ.எஸ். நிறுவனத்தின் வானவில், வவுனியாவில் ஒமேகா லைன். இந்தத் தொழிலில் துணியைப் பரிசோதிப்பது கண்ணின் வேலை. கீழிருந்து வெளிச்சம் விட்டால் ஓட்டை தெரியும். பக்கத்தால் சரித்து விட்டால் நூல் முடிச்சு நிழல் காட்டும். பழுது 3 அங்குலத்துக்குள் என்றால் 1 புள்ளி, 9 அங்குலத்தைத் தாண்டினால் 4.

கண்ணுக்குப் பதில் கமெரா வைத்தால்தான் கரைச்சல். இழை வரிசையும் கமெராவின் புள்ளி வரிசையும் கிட்டத்தட்ட ஒத்துப்போனால், துணியில் இல்லாத அலைக்கோடு படத்தில் விழும். மொய்ரே என்பார்கள். நுளம்புவலையை இரண்டாக மடித்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கோ, அதே அலை! கமெராவைச் சற்றுத் திருப்பினால் அலை உருமாறும். உண்மைப் பழுது அதே இடத்தில் நிற்கும். அதைச் செய்யாமல் நல்ல துணியை ஒதுக்கினால், ஏச்சு வாங்குவது மேசையடியில் நிற்கிற பிள்ளைதான்.